தரை தொட்ட பெடல்

முதல் அடி காதில் விழுந்தது. அடுத்தது எங்கே விழுந்தது என்று தாலாய்க்குத் தெரியவில்லை. முதல் அடியிலேயே பட்டறை முழுக்க ஒரே விசில் சத்தமாகிவிட்டது. வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு, எழுந்து உட்காரக்கூட விடாமல் சாத்தினார்கள். மூன்று பேர். அதில் இரண்டு பேரை அவன் பார்த்ததே இல்லை. மூன்றாவது ஆள் தோலோன். காரா-பால்தா ஊரிலிருந்து மலைக்கணவாய் தாண்டி வாடகைக்கு ஆள் ஏற்றிப் போகிறவன். போன மாதக் கடைசியில் அதே கணவாயில் தம்பியைப் பறிகொடுத்தவன்.

துக்கத்துக்கு ஊரோடு சேர்ந்து தாலாயும் போயிருந்தான். வாசலில் நின்று வாய்விட்டு அழுதிருந்தான். அன்று கட்டிப்பிடித்துத் தேற்றிய அதே தோலோன் இன்று அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தான். துக்கம் மனிதனை இப்படியெல்லாம் உட்காரவைக்கும்.

"என் தம்பியைக் கொன்னது நீதானே? உன் வாயால சொல்லு."

தாலாயின் வாயில் அப்போது ரத்தம்தான் இருந்தது. அதைத் துப்பிவிட்டு, தான் செய்ததெல்லாம் இலையுதிர் காலத்தில் தோலோனின் வண்டிக்குப் புது பிரேக் பேட் போட்டதும் பிரேக் ஆயில் மாற்றியதும்தான், அன்று பெடல் கல்லு மாதிரி இருந்தது என்றான். கல்லா என்று கேட்டான் தோலோன். கல்லாக இருந்தது எப்படித் தரையில் போய் முட்டியது என்று கேட்டுக்கொண்டே, கூட வந்த மாமன் மகன்களுக்குக் கண்ணைக் காட்டினான். அவர்கள் தாலாயை மேசைக்கு இழுத்துப்போய் இடது கையை வைஸில் வைத்துத் திருகினார்கள்.

இரும்பு பிடிக்கிற வைஸுக்கு விரல் ஒரு பொருட்டே இல்லை. இரண்டு விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. தாலாய் ஊருக்கே கேட்கும்படி அலறினான். அப்போதும் தன் வேலை சுத்தம் என்றுதான் அலறினான். வலியில் பொய் சொல்லியாவது தப்பித்துக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. இந்த வீம்பினால் வாழ்க்கையில் பலமுறை அடி வாங்கியவன் அவன்.

அலறல் முதலில் எட்டியது பக்கத்து டயர் கடைக்கு. அது அவன் தம்பி ஜார்லிக்கின் கடை. தலையறுத்த ஆட்டைக் குதிரைமேலிருந்து பிடுங்கும் ஆட்டத்தில் இரண்டு தடவை மூக்கு உடைந்தவன் ஜார்லிக். ஆகவே அடுத்தவன் மூக்கு எப்படி உடையும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். டயர் நெம்பும் கம்பியோடு உள்ளே வந்தவன் யார் என்ன என்று கேட்கவில்லை. வைஸின் கைப்பிடியில் நின்றவனின் முகத்தில் ஒன்று வைத்தான். இன்னொருவன் முழங்காலில் ஒன்று. மூன்றாவதாகத் தோலோன்மேல் கம்பியை ஓங்கியபோது, வாசலில் சாட்டை சொடுக்கிய சத்தம் கேட்டது.

கல்மாத் வந்திருந்தார். தோலோனுக்கும் செத்துப்போன பேகெனுக்கும் அப்பா. வெள்ளைத் தொப்பி, மழிக்காத தாடி, கையில் குதிரைச் சாட்டை. வெளியே ஒரு லாரியும் நின்றது. அதன்மேல் கணவாயில் மோதிய அந்த மின்சாரக் கார். வலது பக்கக் கதவுகள் இரண்டும் உள்ளே நசுங்கி, கண்ணாடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் தாள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து வண்டிகளில் ஓட்டுகிறவன் இடது பக்கம்; வலது பக்கத்தில்தான் பேகென் உட்கார்ந்திருந்தான்.

"விடுங்கடா அவனை," என்றார் கிழவர். "கையை முறிச்சு வாங்குற வார்த்தை எனக்கு வேண்டாம்."

இரக்கத்தில் சொல்லவில்லை. அவருக்கு வேறு ஒன்று வேண்டியிருந்தது. போலீஸ் இதை வேகத்தால் வந்த விபத்து என்று எழுதி மூடிவிட்டது. ஓட்டியவன் தோலோன், ஆகவே தம்பியைக் கொன்றவன் அண்ணன் என்று ஊர் பேசியது. பிரேக் பிடிக்கவில்லை, தரைவரை போய்விட்டது, அதனால்தான் பாறையில் உரசி நிறுத்தப் பார்த்தேன் என்று தோலோன் மசூதி வாசலில்கூடச் சத்தியம் செய்து பார்த்துவிட்டான். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, நகர்ந்து போனதும் பேசினார்கள். கிழவருக்கு ஒரு பிள்ளை மண்ணுக்குள் போய்விட்டான். இன்னொருவன் கொலைகாரனா இல்லையா என்பது நாற்பதாம் நாள் படையலுக்குள் தெரிந்தாக வேண்டும்.

இந்த மாதிரி வழக்குக்கு எங்கள் பக்கத்தில் பழைய முறை ஒன்று உண்டு. உயிர் கொடுப்பது என்று அதற்குப் பெயர். குற்றம் சாட்டப்பட்டவன் தனக்காகச் சத்தியம் செய்ய முடியாது. அவன் எதை வேண்டுமானாலும் சொல்லுவான். அவன் உறவில் ஒருவன் அவனுக்காகத் தன் உயிரை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அந்த ஒருவன் யார் என்று கைகாட்டுகிற உரிமை இழவு வீட்டாருக்கு. கைகாட்டப்பட்டவன் மறுத்தால் குற்றம் உறுதி. இந்தக் காலத்தில் யாரும் அதைச் செய்வதில்லை. கல்மாத் செய்தார். அதிலும் தன் பங்குக்கு ஒரு முறுக்கு முறுக்கினார்.

"இந்தக் காலத்துல வாய் வார்த்தைக்கு என்ன மதிப்பு இருக்கு?" என்று சாட்டையை ஜார்லிக்கின் பக்கம் நீட்டினார். "உன் அண்ணன் வேலை சுத்தம்ங்கறான். அப்ப நீ இந்த வண்டியில உட்காரு. இப்ப எப்படி இருக்கோ அப்படியே. கணவாய் உச்சிக்கு லாரியில ஏத்திட்டுப் போறோம். என் பையன் இறங்கின அதே பாதையில நீ தனியா இறங்கு. கீழ வந்து சேர்ந்தா உன் அண்ணன் சுத்தம். என் மகன் பொய்யன்."

மூக்கு உடைந்தவன்கூட முனகுவதை நிறுத்தினான். ஜார்லிக் அண்ணனைப் பார்த்தான், பிறகு காரைப் பார்த்தான். சிரித்தான்.

"அண்ணனுக்காக அவன் மாமியார் சமைச்சதையே சாப்பிட்டிருக்கேன். கணவாய் என்ன பெரிசு, பெரியவரே. இறங்குறேன்."

தாலாய்க்குக் கை வலி மறந்துபோனது. லாரியிலிருந்து காரைக் கீழே இறக்கியதும் நொண்டிக்கொண்டே போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். விபத்தில் காற்றுப்பை வெடித்தால் மின்சாரம் தானாக அறுந்துவிடும் ரகம் அது; யாரையோ பிடித்து மறுபடி இணைப்புக் கொடுத்திருந்தார்கள். திரை ஒளிர்ந்தது. சீன எழுத்துகள் வரிசையாக வந்து போயின. தாலாய் பெடலை மிதித்தான்.

அது இறங்கியது. ரொட்டி மாவில் விரலை வைத்த மாதிரி, தடுப்பே இல்லாமல், கிட்டத்தட்ட தரைவரை இறங்கியது. தாலாய் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தம்பி இந்த வண்டியில் இறங்கினால் முதல் வளைவு வரைக்கும்கூடப் போய்ச் சேரமாட்டான். இறங்க வேண்டாம் என்று சொன்னால், பிரேக் கெட்டிருப்பதைத் தாலாயே ஒப்புக்கொண்டதாகும். கடைசியாகக் கைவைத்த மெக்கானிக் அவன்தான். தம்பியைக் கொல்லலாம், அல்லது கொலைகாரன் பட்டத்தை வாங்கிக்கொள்ளலாம். நல்ல வழியாகத்தான் கிழவர் காட்டியிருந்தார்.

"பெரியவரே, இதுல யாரும் ஏற வேண்டாம். பிரேக் இல்லை."

"அப்ப ஒத்துக்கறே."

"ஒத்துக்கல. பிரிச்சுப் பார்க்கணும். எதனால இப்படி ஆச்சுன்னு தெரியாம நான் எதையும் ஒத்துக்க மாட்டேன்."

மாமன் மகன்களில், மூக்கு உடைந்தாலும் முழங்கால் பிழைத்தவன் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தான். தாலாய் வலது கையால் அவன் தொண்டையைப் பிடித்து வண்டிக் கதவோடு வைத்து அழுத்தினான். மெலிந்த ஆள் என்று நம்பி வந்தவன் கண் பிதுங்கி நின்றான். கிழவர்தான் இருவரையும் சாட்டைக் கைப்பிடியால் தள்ளிப் பிரித்தார். அவர் யோசித்தார். பிறகு, உயிர் கொடுக்கப்போகிறவன் கைகால் கழுவித் தொழுதுவிட்டுத்தான் உட்கார வேண்டும், மதியத் தொழுகைக்குப் போய்வருகிற நேரம் தாலாய்க்கு உண்டு, அதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்க்கட்டும் என்றார். ஆனால் எதையும் மாற்றக் கூடாது. திரும்பி வரும்போது காரணம் சொல்லத் தெரியவில்லை என்றால் ஜார்லிக் இப்படியே ஏறுவான். ஜார்லிக்கையும் அடிபட்ட இருவரையும் கூட்டிக்கொண்டு அவர் மசூதிக்கு நடந்தார். காவலுக்குத் தோலோன் நின்றான், ஜார்லிக் கீழே போட்ட கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு.

தாலாய் மறுபடி மிதித்தான். விடாமல் மூன்று நான்கு தடவை மிதித்ததும் பெடல் சற்று மேலேறி வந்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தான், கீழே நழுவவில்லை. ஆக, பெடலுக்கு மேலே இருக்கும் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. முன்மூடியைத் திறந்து பார்த்தான். எண்ணெய் டப்பாவில் அளவு குறையவில்லை. ஆக, ஒழுக்கும் இல்லை. குழாய்க்குள் காற்று இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எண்ணெயின் நிறம் அவனுக்குப் பிடிக்கவில்லை. அவன் ஊற்றியது தேன் நிறம். இது அதைவிடக் கறுப்பு. வேறு யாரோ, எப்போதோ திறந்து வைத்து ஈரம் குடித்த டப்பாவிலிருந்து ஊற்றியிருக்கிறார்கள்.

கணவாயில் என்ன நடந்தது என்று கேட்டான். தோலோன் முதலில் கெட்ட வார்த்தையில் பதில் சொன்னான். தாலாய் திரும்பவும் கேட்டான். கணவாய் உச்சியில் சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில் தேநீர்க்கடையில் புதிதாக ஒரு சார்ஜர் வைத்திருக்கிறார்கள், அங்கே வண்டியைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம், முழுசா நிறையட்டும் அண்ணே என்று தம்பிதான் சொன்னான், நிறைந்த பிறகுதான் கிளம்பினோம் என்றான் தோலோன். எப்போதும் காலை எடுத்தாலே வண்டி தானாகப் பிடித்துக்கொண்டு மெதுவாகும். அன்று பிடிக்கவில்லை. திரையில் ஏதோ சீனத்தில் வந்தது. பிரேக்கை மிதித்தான். கொஞ்ச தூரம் பிடித்தது. பிறகு சூடேறி, பிறகு ஒன்றுமே இல்லை.

"முழுசா நிறைஞ்ச பேட்டரிக்குள்ள இன்னும் எதைத் திணிக்கறது?" என்றான் தாலாய். "நீ காலை எடுத்தா மோட்டார் வண்டியைப் பிடிச்சு, அந்தச் சக்தியைப் பேட்டரிக்குள்ள அனுப்பும். இடம் இல்லைன்னா பிடிக்காது. அதைத்தான் அது சீனத்துல சொல்லியிருக்கு. அப்புறம் நிக்கணும்னா பிரேக் மட்டும்தான். நீ கடைசியா எப்ப இந்தப் பெடலை ஒழுங்கா மிதிச்சே?"

தோலோன் கம்பியைக் கைமாற்றிப் பிடித்தான். குளிர்காலம் முழுக்க அவன் அதை மிதித்திருக்க மாட்டான் என்று தாலாய்க்குத் தெரியும். மின்சார வண்டி ஓட்டுகிற எல்லோரும் அப்படித்தான். ஒற்றைப் பெடலில் உலகத்தைச் சுற்றுகிறவர்கள். பெட்ரோல் வண்டியாக இருந்தால் அடுத்த தெருமுனையிலேயே இந்தக் கோளாறு பல்லைக் காட்டியிருக்கும். இது மாதக்கணக்கில் உள்ளேயே ஒளிந்துகொண்டு கணவாய்க்காகக் காத்திருந்தது.

முன் சக்கரங்களைக் கழற்ற வேண்டும் என்றான் தாலாய். தோலோன் கழற்று என்றான்.

"என் கையை உடைச்சது நீங்க. ஸ்பேனரை நீயே பிடி."

தோலோன் கம்பியைக் கீழே வைத்துவிட்டு ஜாக்கியை எடுத்தான். இடது சக்கரம் வந்தது. உள்ளே உப்பும் சேறும் அப்பி எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. தாலாய் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொன்னான். பிறகு அடுத்த பக்கச் சக்கரத்தையும் கழற்றச் சொல்லி அங்கேயும் பார்த்தான். அவனுக்கு மூச்சு இலேசாகிவிட்டது. தம்பி பிழைத்தான் என்பது ஒன்று. தன் வேலை சுத்தம் என்பது இன்னொன்று. இரண்டில் எதற்கு முதலில் சந்தோஷப்பட்டான் என்று கேட்டால் அவனுக்கே வெட்கமாக இருக்கும்.

காலிப்பரின் நிப்பிள் கீழே இருந்தது. இரண்டு பக்கமும். காலிப்பர், சக்கரத்து டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு; அதன் மேல் முனையில்தான் நிப்பிள் என்கிற சின்னத் திருகு வரும். அதைத் திறந்துதான் காற்றை எடுப்பார்கள். இடதுபக்கக் காலிப்பர் வலது பக்கத்திலும் வலதுபக்கத்தது இடது பக்கத்திலும் மாட்டப்பட்டிருந்தன. போல்ட் பொருந்தும், எண்ணெய் வரும் ரப்பர் ஹோஸ் பொருந்தும், எல்லாம் பொருந்தும். தலைகீழாக இருக்கிறது என்பதைத் தவிர ஒரு குறையும் தெரியாது.

தோலோனுக்கு விளங்கும்படி சொன்னான். காற்று மேலேதான் போய் உட்காரும். நிப்பிள் கீழே இருந்தால் நாள் முழுக்க மிதித்து எடுத்தாலும் எண்ணெய்தான் வரும். காற்று மேலேயே ஜம்மென்று இருக்கும். மாட்டியவன் சுத்தமான எண்ணெய் வருவதைப் பார்த்து, வேலை முடிந்தது என்று நினைத்திருப்பான். போதாததற்கு ஈரம் குடித்த எண்ணெய். கணவாயில் சூடேறியதும் அதுவும் கொதித்து ஆவியாகியிருக்கும்.

"நீ மாட்டலையா இதை?"

"நான் காலிப்பரைக் கழட்டவே இல்லை. பேட் மாத்த அதைக் கழட்ட வேண்டியதே இல்லை. எனக்கு அப்புறம் யாரோ ஹோஸோட கழட்டி எடுத்துட்டுப் போய்த் திரும்ப மாட்டியிருக்காங்க."

யார், எதற்கு என்று கேட்டுக்கொண்டே தோலோன் சேற்றை நகத்தால் சுரண்டினான். சாம்பல் நிறம் உதிர்ந்தது. அடியில் சிவப்பு. பளபளவென்று, நேற்று அடித்த மாதிரி சிவப்பு. தோலோன் இன்னும் கொஞ்சம் சுரண்டினான், பிறகு சட்டைக் கையால் துடைத்தான், பிறகு இரண்டு கையாலும் வெறிபிடித்தவன் மாதிரி துடைத்தான். காலிப்பர் முழுக்கச் சிவப்பு. இளவட்டங்கள் பந்தய வண்டிப் படம் பார்த்து அடிப்பது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. குளிர்காலம் என்பதால் சக்கரத்துக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தது. அடித்தவன், பனி போனதும் மூடியைக் கழற்றி ஊருக்குக் காட்டலாம் என்று வைத்திருக்கிறான்.

தோலோன் குந்தியிருந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். குரல் மிகவும் இறங்கிவிட்டது.

"பேகென் உங்கிட்ட வந்தானா?"

தாலாய் ஆமாம் என்றான். முதல் பனிக்கு முன்னால் வந்தான். சூடு தாங்குகிற பெயின்ட் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். சந்தையில் இந்தக் கடையில் கேள் என்று சொல்லி அனுப்பினேன். வண்டியில் இருந்தபடியே பூசப்போகிறான் என்று நினைத்தேன், கழற்றுவான் என்று தெரியாது. போகும்போது பேகென், அண்ணனுக்குச் சொல்லாதீங்க, வசந்தத்துல பார்த்துட்டு அசந்துபோகட்டும் என்றான்.

தோலோன் எழுந்தான். கம்பியை எடுத்தான். தனக்குத்தான் விழப்போகிறது என்று தாலாய் சுவரோடு ஒதுங்கினான். விழுந்தது காரின் முன்மூடியில். இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கி அடித்தான் தோலோன். தகடு குழிந்தது, முன்விளக்கு நொறுங்கியது, கண்ணாடியில் விரிசல் குறுக்கே ஓடியது. ஒவ்வோர் அடிக்கும் தம்பியைத் திட்டினான். கழுதை என்றான், வீட்டைக் கெடுக்க வந்தவனே என்றான், உன்னை யார்டா கேட்டா என்றான். கை ஓய்ந்ததும் கம்பியைப் போட்டுவிட்டு, உடைந்த விளக்கின் மேலேயே கையை ஊன்றி நின்றான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வடிந்தது, அவன் கவனிக்கவில்லை.

"சரியா மாட்டு," என்றான்.

"மாத்தக் கூடாதுன்னு உங்கப்பா..."

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். மாட்டு."

இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு நல்ல கைகள் இருந்தன. அதை வைத்துக் காலிப்பர்களைப் பக்கம் மாற்றி மாட்டினார்கள். நிப்பிள் மேலே வந்தது. பழைய எண்ணெயை எடுத்துவிட்டுப் புதுசை ஊற்றினான் தாலாய். காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் மிதிக்க, ஒருவன் நிப்பிளைத் திறந்து மூட. தோலோன் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். பாறையில் உரசிய நாளுக்குப் பிறகு அங்கே அவன் உட்காருவது இதுதான் முதல் தடவை. பக்கத்து இருக்கையை அவன் பார்க்கவில்லை.

மிதி என்றான் தாலாய். மிதித்தான். பிடித்துக்கோ. பிடித்தான். நிப்பிளைத் திறந்ததும் குழாயில் நுரைநுரையாகக் காற்று வந்தது. குளிர்காலம் முழுக்க ஒளிந்திருந்த காற்று. மூடினான். விடு என்றான். மறுபடி மிதி. ஒவ்வொரு தடவையும் குமிழ் குறைந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. கடைசியில் தேன் நிறத்தில் எண்ணெய் மட்டும் வந்தது.

"இப்ப மிதிச்சுப் பாரு."

பெடல் பாதிகூட இறங்கவில்லை. கல்லு மாதிரி நின்றது. தோலோன் மிதித்தான், இன்னும் பலமாக மிதித்தான், பிறகு எழுந்து நிற்கிறவன் மாதிரி உடம்பு பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டு மிதித்தான். நின்றது. அன்னிக்கு நின்னிருக்கக் கூடாதா, அன்னிக்கு நின்னிருக்கக் கூடாதா என்று பெடலிடமே சொல்லி அழுதான் அவன். தாலாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். இந்த அழுகையைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

அதற்குள் மசூதிக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். முன்னால் கிழவர், பின்னால் முகம் கழுவி முடி சீவிய ஜார்லிக். சாகப்போகிறவன் என்ற நினைப்பு அவன் முகத்தில் இப்போது கொஞ்சம் தெரிந்தது. கிழவர் நொறுங்கிய விளக்கைப் பார்த்தார், கழற்றிக் கிடந்த சக்கரங்களைப் பார்த்தார், சிவப்பையும் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். தாலாய் காலிப்பர் விஷயத்தைச் சொன்னான், நிப்பிளைச் சொன்னான், காற்றைச் சொன்னான். தனக்குப் பிறகு யாரோ கழற்றி மாட்டியதைச் சொன்னான். அதோடு நிறுத்திக்கொண்டான். புதைத்து நாற்பது நாள் ஆகாத பிள்ளையின் பெயரை அப்பன் முகத்துக்கு நேராக எடுப்பது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை.

"யார் கழட்டினது?"

தோலோன் வண்டியிலிருந்து இறங்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் வந்து நின்றான்.

"நான்தான் அப்பா."

கிழவர் புரியாதவர் மாதிரி பார்த்தார்.

"அழகா இருக்கும்னு பெயின்ட் அடிக்கக் கழட்டினேன். பக்கம் மாத்தி மாட்டிட்டேன். இப்பத்தான் சரியா மாட்டச் சொன்னேன். தம்பி மெக்கானிக்கிட்ட காட்டிடலாம்னு சொன்னான். நான்தான் வேண்டாம்னுட்டேன்."

சாட்டை முதலில் தோளில் விழுந்தது. தோலோன் அசையவில்லை. இரண்டாவது கழுத்தைச் சுற்றி வந்து கன்னத்தைக் கிழித்தது. கிழவருக்கு அத்தனை வயதிலும் கை தளரவில்லை. வாழ்நாள் முழுக்கக் குதிரை பழக்கிய கை அது. முகம், முதுகு, தூக்கிப் பிடித்த முழங்கை என்று வித்தியாசம் பார்க்காமல் விளாசினார். தோலோன் முழங்காலிட்டான், பிறகு கையை ஊன்றினான். தடுக்கப் போன மாமன் மகனுக்கும் ஒன்று விழுந்தது. அவன் நொண்டிக்கொண்டே பின்வாங்கினான். சாட்டையின் முனை தோலோனின் கண்ணுக்கு ஒரு விரல் தள்ளிப் பிளந்தது. ஒரு அழகுக்காகவா என்று கிழவர் அப்போதுதான் முதல் தடவை கத்தினார். ஒரு அழகுக்காகவா என் பிள்ளையைக் கொன்னே.

தாலாயால் தாங்க முடியவில்லை. காலையில் தன் கையை முறித்தவன்தான்; ஆனாலும் இப்படிச் செய்யாத தப்புக்குச் சாகிறவனைப் பார்த்துக்கொண்டு நிற்க அவன் கல்லில்லை. குறுக்கே போய்ச் சாட்டையைப் பிடித்தான்.

"பெரியவரே, நிறுத்துங்க. இவன் இல்லை. இதை மாட்டினது..."

அதற்குமேல் அவன் சொல்லவில்லை. தரையில் கிடந்த தோலோன் எப்படி எழுந்தான், எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அவன் கைமுட்டி தாலாயின் வாயில் நேராக வந்து இறங்கியது. முன்பற்கள் இரண்டு உடைந்து தொண்டைக்குள் போயின. தாலாய் சக்கரத்தின்மேல் விழுந்தான். தோலோன் அவன்மேல் விழுந்து சட்டைக் கழுத்தை முறுக்கிப் பிடித்தான். ரத்தம் வழிந்த முகம் அவன் முகத்துக்கு மிக அருகில் இருந்தது. அந்தக் கண்ணில் கோபம் கொஞ்சமும் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

ஜார்லிக் கம்பிக்குப் பாய்ந்தான். தாலாய் உடைந்த கையாலேயே தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் பலமாக ஆட்டினான். குற்றம் வெளிப்பட்ட வெறியில் தோலோன் அடிக்கிறான் என்றுதான் மற்ற எல்லோரும் நினைத்தார்கள். கிழவரும் அப்படியே நினைத்தார். மெக்கானிக்கைப் பார்த்து, ஏதோ சொல்ல வந்தாயே, என்ன என்று கேட்டார்.

தாலாய் ரத்தத்தைத் துப்பினான். தோலோன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்லை," என்றான் தாலாய்.

கிழவர் சாட்டையைச் சுருட்டினார். ஜார்லிக்கிடம் நீ போகலாம் என்றார். தாலாயின் கையைப் பார்த்து, இதற்குத் தன் வீடு பதில் சொல்லும் என்றார். மகன் பக்கம் அவர் திரும்பவில்லை; சுவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"நாற்பதாம் நாளுக்கு நீ வராதே. அவன் மண்ணுகிட்டயும் வராதே. இந்த வண்டியை எடுத்துட்டு எங்கயாவது போ. என் வாசல்ல இது நிக்கக் கூடாது."

தோலோன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். ஜார்லிக் முணுமுணுத்துக்கொண்டே சக்கரங்களை மாட்டிக் கொடுத்தான். நசுங்கிய வண்டியில் ஏறி, ஒரு கண் மூடிய நிலையில், தோலோன் அதை முற்றத்திலிருந்து சாலைக்கு ஓட்டினான். வண்டி சத்தமே போடாமல் நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து மேற்கேயிருந்து ஒரு மணல் லாரி வேகமாக வந்தது. அதைப் பார்க்க வேண்டிய பக்கத்தில் பிளாஸ்டிக் தாள்தான் இருந்தது. ஜார்லிக் கத்தினான். தோலோன் மிதித்தான்.

பிரேக் பிடித்தது. லாரி ஹாரனை அலறவிட்டபடி ஒரு முழம் தள்ளிக் கடந்து போனது. நின்ற வண்டிக்குள் தோலோன் வலது கையை நீட்டிப் பக்கத்து இருக்கையைக் குறுக்கே தடுத்துப் பிடித்திருந்தான். அங்கே யாரும் இல்லை. வெகுநேரம் அவன் அந்தக் கையை எடுக்கவில்லை.